நிலைக்கு மரம் எடுக்கும் கணக்கு

தங்கை வீட்டு வாசல் நிலைகளுக்குத் தேக்கு எடுக்கச் செங்கோட்டைக்குப் போகிறோம். "மொத்தம் எத்தனை கன அடி வேணும் மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டார். அதைக் கடைசியில் பார்க்கலாம், முதலில் எந்தத் துண்டு என்ன நீளம் என்று எழுதுங்கள் என்றேன்.

அறுத்த மரத்துக்குக் கணக்கு சுலபம். அகலமும் கனமும் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. ஏழடிக்கு மூன்றரை அடி நிலை, ஐந்து அங்குலத்துக்கு மூன்று அங்குலச் சட்டம் என்றால் நிற்கும் கால் இரண்டு, மேல்கட்டை, கீழ்க்கட்டை எல்லாம் சேர்த்து 21 அடி ஓடும். 5 × 3 × 21 ÷ 144, கிட்டத்தட்ட 2.19 கன அடி.

உருட்டுக் கட்டைக்கு வேறு கணக்கு. நடுவில் சுற்றளவு பிடித்து, அதில் கால்வாசியை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி 144-ஆல் வகுப்பார்கள். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் சரியாக 10 கன அடி. உருளையாகக் கணக்குப் போட்டால் அதே கட்டை 12.73 வரும். அந்த வித்தியாசம் ஓரம் சீவுவதற்கு விட்ட கழிவு. அப்புறமும் ரம்பத்தூளாகவும், வெள்ளை என்கிற வெளிப்புற இளமரமாகவும் போகும், வைரம் பாய்ந்த பகுதிதான் நமக்கு. அதனால் உருட்டு விலையையும் அறுத்த விலையையும் நேருக்கு நேர் ஒப்பிடவே கூடாது.

டேப்பை நானே பிடிப்பேன். 48 அங்குலம் 49 ஆனால் அதே கட்டை 10.42 கன அடி ஆகிவிடும். டேப் கொஞ்சம் சாய்ந்து சுற்றினாலோ, பட்டையோடு சேர்த்துப் பிடித்தாலோ அந்த ஓர் அங்குலம் தானாக ஏறும். தேக்கு விலைக்கு அது சின்னத் தொகை இல்லை.

நீளப் பட்டியல் ஏன் முதலில் வேண்டும் என்றால், 10 அடிக் கட்டையில் ஏழடிக் கால் போக மிச்சம் மூன்றடி. மேல்கட்டைக்கு மூன்றரை வேண்டும். கன அடி சரியாக இருக்கும், நிலை வராது! 11 அடிக் கட்டை என்றால் இரண்டும் வரும், முனை வெடிப்பை வெட்டித் தள்ள அரை அடியும் இருக்கும். எனக்கு விலை பேசுவதைவிட இதுதான் முக்கியம்.

ஐந்துக்கு மூன்று என்பது இழைப்பதற்கு முந்தைய அளவா, இழைத்த பிறகா என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஆசாரியிடம் கேட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை வண்டி பேச வேண்டும்.