பீரங்கியைப் பார்ப்பதற்கு முன்

சிறிய ரோந்துக் கப்பலின் வரைபடத்தை யார் கொண்டுவந்தாலும் முதலில் பீரங்கியைத்தான் காட்டுவார்கள். நான் எடைக்கணக்குத் தாளைக் கேட்பேன். எந்தப் பொருள் எத்தனை டன், கப்பலின் அடியிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். கப்பல் வடிவமைப்பை மதிப்பிடும் வேலையில் இருந்தவரை அந்தத் தாளைத்தான் முதலில் படிப்பேன். இப்போது பாளையங்கோட்டையில் வீடு தேடி வரும் பொறியியல் மாணவர்களிடமும் அதையே சொல்கிறேன்.

ஐம்பது மீட்டர் கப்பலில் பீரங்கி, ஏவுகணை, ராடார் என்று எல்லாமே வேண்டும் என்பார்கள். எல்லாம் மேல்தளத்தில்தான் ஏறும். மேலே கனம் கூடக் கூட, சாய்ந்த கப்பல் நிமிரும் பலம் குறையும். ஜப்பானின் தோமோசுரு என்ற சிறு போர்க்கப்பலின் கதை அதுதான். நாடுகளின் போர்க்கப்பல்களைக் கட்டுப்படுத்திய 1930 லண்டன் ஒப்பந்தம் 600 டன்னுக்கு உட்பட்ட கப்பல்களுக்கு வரம்பு வைக்கவில்லை. அதனால் அந்தச் சின்ன உடம்பில் மூன்று 127 மி.மீ. பீரங்கிகளையும் டார்பிடோ குழாய்களையும் ஏற்றினார்கள். 1934 மார்ச் 12 அன்று சசெபோ அருகே கொந்தளித்த கடலில் அது கவிழ்ந்தது. நூறு பேர் இறந்து போனார்கள். எதிரி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. பிறகு ஆயுதத்தைக் குறைத்து அதே கப்பலை மறுபடி கடலுக்கு அனுப்பினார்கள். காகிதத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று நினைக்கும்போது இன்றும் மனசு ஆறவில்லை.

கட்டி முடித்த கப்பலுக்கு ஒரு சோதனை உண்டு. காற்றில்லாத வேளையில் கட்டுக்கயிறுகளைத் தளர்த்திவிட்டு, எடைக்கட்டிகளைத் தளத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்த்துவோம். உள்ளே நீளக் கம்பியில் தொங்கும் தூக்குக்குண்டு எண்ணெய்த் தொட்டிக்குள் ஆடி அடங்கும். கம்பி எத்தனை மில்லிமீட்டர் விலகியது என்று பென்சிலால் குறிப்போம். ஈர்ப்பு மையத்தின் உயரம் அதிலிருந்து வந்துவிடும். அது எடைக்கணக்குத் தாளோடு ஒத்துப்போகாவிட்டால் கையெழுத்துப் போடக் கூடாது.

பத்திரிகையில் வந்த, இந்தியக் கடற்படையின் கார் நிக்கோபார் வகை ரோந்துக் கப்பலின் படத்தை உவரி கடற்கரையில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். 30 மி.மீ. பீரங்கி, உந்துசுழலிக்குப் பதிலாக நீரைப் பீய்ச்சித் தள்ளும் அமைப்பு, 35 நாட் (மணிக்குச் சுமார் 65 கி.மீ.) வேகம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, கச்சான் காத்துல இது எத்தன நாள் கெடக்கும்?"

மேற்குப் பக்கமிருந்து வீசும் காற்றைத்தான் கச்சான் என்கிறார். சரியான கேள்வி. நிமிரும் பலம் அளவுக்கு மீறினாலும் கப்பல் வெடுக்வெடுக்கென்று ஆட்டும். வாந்தியெடுத்துக் களைத்த பையனால் தொலைநோக்கியைப் பிடிக்க முடியாது. ஆகவே எடைக்கு அடுத்தபடியாக, ஆட்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று பார்ப்பேன். ஆட்டம் குறைவு நடுப்பகுதியில்தான். முகப்பில் படுக்கை போட்டிருந்த வரைபடங்களை மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.