கார்பாத்திய மலையில் எடுத்த படம்

கல்லூரியில் உயர்தரம் முடித்து, புலமைப்பரிசில் கிடைத்து, எண்பதுகளின் கடைசியில் பொறியியல் படிக்கக் கீவ் நகருக்குப் போனவன் நான். அந்தக் காலத்தைப் பற்றி எங்கள் சங்க மலருக்கு எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். குளிரையும் பாண் வரிசையையும் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். அங்கே விடுதி மண்டபத்தில் பார்த்த ஒரு திரைப்படத்தைப் பற்றி நான் எழுதுகிறேன்.

‘மறக்கப்பட்ட மூதாதையரின் நிழல்கள்’. மிகைலோ கொட்சுபின்ஸ்கியின் குறுநாவலை வைத்து செர்கேய் பரஜானவ் இயக்கி, 1965-இல் வெளிவந்தது. மேற்கு உக்ரேனின் கார்பாத்திய மலைகளில் வாழும் ஹுட்சுல் மக்களின் கதை. பகைக் குடும்பங்களில் பிறந்த இவானும் மரிச்காவும் சிறுவயதிலேயே நேசிக்கிறார்கள். அவள் ஆற்றில் விழுந்து சாகிறாள். அவன் வேறொருத்தியைக் கட்டியும் மரிச்காவை மறக்க முடியாமல் அழிந்துபோகிறான். கதை அவ்வளவுதான்.

படம் தொடங்கியதுமே காட்டில் ஒரு மரம் சாய்கிறது. கமெராவும் மரத்தோடு சேர்ந்து விழுகிறது. சிறுவன் இவானைத் தள்ளிக் காப்பாற்றிவிட்டு அண்ணன் அந்த மரத்தின் கீழ் அகப்பட்டுவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் தகப்பன் கோடரி வெட்டுப்பட்டு விழ, திரையில் இரத்தம் வழிந்து, சிவப்புக் குதிரைகள் பாய்ந்து போகின்றன. ஒளிப்பதிவு யூரி இலியென்கோ. மரிச்கா போனபிறகு நிறமே வடிந்து படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். இவான் தாடியும் அழுக்குமாகத் திரிவான். அவனைப் பற்றி ஊரார் கதைக்கும் குரல்கள்தான் கேட்கும். துயரத்தை இவ்வளவு சரியாகக் காட்டிய வேறு படம் நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் இருந்த என் அறைத்தோழன் அந்த மலைப்பக்கத்துப் பிள்ளை. ஆளைவிட நீளமான திரெம்பீத்தா என்ற மரக்குழல் முழங்கியபோது, “சாவு விழுந்தால் எங்கள் ஊரில் இதை ஊதித்தான் அறிவிப்பார்கள்” என்று காதுக்குள் சொன்னான். கலியாணம், கிறிஸ்மஸ் வேடங்கள், மந்திரவாதி, செத்தவீட்டு விளையாட்டு என்று எல்லாமே வரும், எதற்கும் விளக்கவுரை கிடையாது. அந்த மக்களுக்குக் கொடுத்த பெரிய மரியாதை அதுதான் என்பேன்.

இத்தனைக்கும் பரஜானவ் திபிலிசியில் பிறந்த ஆர்மீனியர். மலைக்கிராமத்துச் சனங்களையும் நடிக்க வைத்து, அவர்களுடைய பேச்சுவழக்கிலேயே படத்தை எடுத்தார். ரஷ்ய மொழியில் குரல் மாற்றச் சொன்னபோது மறுத்துவிட்டார். சோவியத் காலத்தில் அது சின்ன விசயம் இல்லை.

படம் வெளிவந்த 1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-இல் கீவின் ‘உக்ராயினா’ திரையரங்கில் படம் காட்டப்பட்டபோது, விமர்சகர் இவான் ஜ்யூபா மேடையேறி, உக்ரேனிய அறிவாளிகள் கைதாவதைப் பகிரங்கமாகச் சொன்னார். சபையில் சிலர் அந்தக் கைதுகளுக்கு எதிர்ப்புக் காட்டி எழுந்து நின்றார்கள். அவர்களில் ஒருவரான கவிஞர் வசீல் ஸ்தூஸ் 1985-இல் சிறைமுகாமில் இறந்தார். பரஜானவை 1973-இல் பிடித்து நாலு வருடம் உள்ளே வைத்தார்கள். நாங்கள் படித்த காலத்தில்தான் இதையெல்லாம் சனங்கள் வாய்விட்டுக் கதைக்கத் தொடங்கினார்கள்.

இவானாக நடித்த இவான் மிகொலைச்சுக் அப்போது நடிப்புப் படித்துக்கொண்டிருந்த மாணவர். அப்புறம் தானே படங்களும் இயக்கினார். 1987-இல், 46 வயதில், போய்விட்டார்.

இப்போது ஆங்கிலத் துணைத்தலைப்போடு நல்ல பிரதி கிடைக்கிறது. அடுத்த ஒன்றுகூடலில் சங்கம் இதைத் திரையிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். பெரிய திரையும் நல்ல ஒலிபெருக்கியும் ஒழுங்கு செய்கிற பொறுப்பை நான் எடுக்கிறேன்.