சென்னையில் வாடகையை விடப் பெரிய தடை அட்வான்ஸ்

சென்னைக்கு வேலைக்கு வரும் இளைஞர்களின் வீட்டுச் செலவு என்றாலே மாத வாடகையைத்தான் எல்லோரும் கணக்கிடுகிறோம். ஆனால் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவது அட்வான்ஸ்தான் என்பது என் உறுதியான கருத்து. பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூரிலோ நாவலூரிலோ, ஒரு வீட்டின் வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டால், அந்த 2,00,000 ரூபாயோடு முதல் மாத வாடகையும் தரகருக்கு ஒரு மாத வாடகையும் சேர்த்து 2,40,000 ரூபாய் கொடுத்த பிறகே சாவி கைக்கு வரும். 30,000 ரூபாய் சம்பளத்தில் பணியில் சேர்ந்தவருக்கு இது எட்டு மாதச் சம்பளம்.

என் நண்பர்கள் பலருக்கு அந்தப் பணம் ஊரில் அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் கிடைத்தது. நகைக்கடனுக்கு மாதந்தோறும் வட்டி ஏறுகிறது. உரிமையாளரிடம் இருக்கும் அட்வான்ஸுக்கோ ஒரு ரூபாய் வட்டியும் இல்லை. காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படுகிறது. மீதியும் உடனே வருவதில்லை, ஏனென்றால் உரிமையாளர் அதை வீட்டுக்கடனுக்கோ பிள்ளைகளின் கல்யாணத்துக்கோ செலவழித்திருப்பார். அடுத்த வாடகைதாரர் அட்வான்ஸ் கொடுக்கும்வரை பழையவர் காத்திருக்க வேண்டும். (கல்யாணம் ஆகாதவர்களுக்கு வீடே இல்லை என்பது தனியாக எழுத வேண்டிய வேதனை.)

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்து, 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால், இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அந்த வரம்பு பொருந்தாது என்று அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டியவர், ஞாயிற்றுக்கிழமை நீட்டப்படும் ஒப்பந்தத்தில் பேரம் பேசும் நிலையிலா இருப்பார்? ஒன்றிய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையையே உச்சவரம்பாக வைத்திருக்கிறது.

இரண்டு மாதமாகக் குறைக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்த விலக்கை நீக்கி, மூன்று மாத வரம்பை எல்லா ஒப்பந்தங்களுக்கும் கட்டாயமாக்குவதைத் தமிழ்நாடு அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது.