எக்ஸ்டி எழும்பிவிட்டது, இன்வென்டரிதான் கிடைக்கவில்லை

தோட்டத்து ஒஃபீசில் கழித்துப்போட்ட ஐபிஎம் எக்ஸ்டி (5160) என்ற எண்பதுகளின் கம்ப்யூட்டர் கைக்கு வந்தால் உடனே ப்ளக்கில் சொருகிவிடாதீர்கள். முதலில் பவர் சப்ளையின் லேபளை வாசியுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் 120 வோல்டாக இருக்கும். நம்ம 230ஐக் கொடுத்தால் அதோடு சரி. கைக்கு வந்த இந்தப் பெட்டியில் 220/240 என்று இருந்தது, தப்பியது.

சுவிட்சைப் போட்டதும் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுபோனது. ஹட்டனில் ஒரு ரிப்பேர் கடையில் சப்ளையைத் தனியாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது செத்துப்போச்சுங்க" என்றார்கள். அதை நம்பி ஒரு கிழமை வீண். இந்தச் சப்ளை சுமை இல்லாமல் எழும்பாது. பழைய ஹாட் டிஸ்க் ஒன்றை மாட்டியதும் 5 வோல்டும் 12 வோல்டும் ஒழுங்காக வந்தன.

சப்ளை நல்லது என்றால் ஷோர்ட் வேறெங்கோ இருக்கிறது. கார்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மதர்போர்டில் பவர் வயர் செருகும் பி8 இணைப்பின் 3ஆவது பின்னுக்கும் (12 வோல்ட்) 5ஆவது பின்னுக்கும் (கிரவுண்ட்) நடுவில் மல்டிமீற்றரை ஓமில் வைத்துப் பாருங்கள். இங்கே 2 ஓம்கூட இல்லை. ஆள் யாரென்றால், புளியங்கொட்டையைவிடச் சின்னதாக நிற்கும் டன்டலம் கப்பாசிட்டர். 12 வோல்ட் தடத்தில் 16 வோல்ட் டன்டலத்தைப் போட்டு வைத்திருக்கிறார்கள். வருசக்கணக்கில் கரண்ட் காணாமல் கிடந்தது, திடீரென்று வோல்ட் ஏறினால் உள்ளுக்குள் ஷோர்ட் ஆகிவிடும். ஒன்றைக் கழற்றி ஓம் பார்ப்பது, ஏறாவிட்டால் அடுத்தது. வேறு வழியில்லை.

ஹட்டனில் கிடைக்காமல், 10 மைக்ரோஃபரட் 25 வோல்ட் டன்டலத்துக்காகப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு வரை போக வேண்டியிருந்தது. கடைகளில் இருப்பது இரண்டு கால் உள்ளது. ஐபிஎம் போட்டது மூன்று கால். நடு ஓட்டைதான் பிளஸ், ஓரம் இரண்டும் மைனஸ். பிளஸ் காலை நடுவிலும் மற்றதை ஏதாவது ஓர் ஓரத்திலும் சோல்டர் பண்ணினால் போதும். மாற்றிப் போட்டால் வெடிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஃபேன் நிற்கவில்லை. திரையில் 301 என்று பிழை எண் வந்தது: கீபோர்ட் கோளாறு. அடுத்து வந்த ஏடி மொடலின் கீபோர்ட் இதில் ஓடாது, எக்ஸ்டிக்குரியதே வேண்டும். 601 என்றால் ஃப்ளொப்பி கோளாறு. நம்ம மூடுபனிக்கு டிஸ்கில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்காது. அப்படியே உள்ளே தள்ளினால் டிஸ்கை வாசிக்கும் ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்து போடுகிற நல்ல டிஸ்கையும் கீறிவிடும். ஐசோப்ரொபைல் அல்கஹோலில் ஹெட்டைத் துடைத்த பிறகு வாசித்தது.

அதே அல்கஹோல்தான் ஒரு கேடும் செய்தது. பெட்டியின் பக்கத்தில் ஜனவசம (அரசாங்கத் தோட்டங்களை நடத்திய சபை) என்று எழுதி, மையில் ஓர் எண் போட்ட ஸ்டிக்கர் இருந்தது. துடைத்ததில் கடைசி இலக்கம் கரைந்துபோனது. துடைக்க முன்னால் ஃபோட்டோ எடுங்கள், பின்பக்கத்து சீரியல் தகட்டையும் சேர்த்து.

பெட்டி எப்போது வந்தது என்று பழைய இன்வென்டரியில் அந்த எண்ணைத் தேடலாம் என்று போனால், தோட்டத்துக் கிளாக்கர், "92ல கம்பனிக்குக் கொடுத்தப்பவே பழைய இன்வென்டரி எல்லாம் போயிருச்சுங்க, மேல ஒஃபீஸ்ல கேளுங்க" என்றார். மேல் ஒஃபீசில் தோட்டத்துக் கடிதம் இல்லாமல் பேசவே மாட்டோம் என்றார்கள். கடிதத்தோடு இரண்டாம் முறை போனால், "நம்பர் முழுசா இல்லையே, எப்படித் தேடுறது?" பஸ் காசு போனதுதான் மிச்சம். கடிதம், முழு எண், ஃபோட்டோ மூன்றும் இல்லாமல் அந்தப் படி ஏறாதீர்கள்.

மிச்சத்தைப் பெட்டியே சொன்னது. பயோஸின் (கம்ப்யூட்டரை எழுப்பும், சிப்பில் பதிந்த புரோகிராம்) கடைசி பைட்டுகளில் தேதி இருக்கும். டொஸ்ஸில் (அந்தக் காலத்து ஓஎஸ்) டீபக் என்ற புரோகிராமைப் போட்டுப் பார்க்கலாம். 11/08/82 என்று வந்தது. ஓகஸ்ட் 11 என்று வாசித்துவிடாதீர்கள், அமெரிக்க முறையில் மாதம்தான் முன்னுக்கு வரும். அது நவம்பர் 8. அதுவும் பயோஸின் தேதிதான், மிஷினுடையது இல்லை. எக்ஸ்டி வெளிவந்ததே 1983 மார்ச்சில். போர்டில் சோல்டர் பண்ணிய சிப்களின் நாலு இலக்க எண்களைப் பாருங்கள்: முதல் இரண்டு வருசம், அடுத்த இரண்டு வாரம். இதில் மிகப் பிந்தியது 8514. அப்படியென்றால் 1985 ஏப்ரலுக்கு முன் இந்தப் போர்ட் செய்யப்பட்டிருக்க முடியாது. சொக்கட்டில் செருகிய சிப்பை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கடைசி மெமரி வரிசையில் 8730 என்று இருக்கிறது: 87 ஜூலைக்குப் பிறகு யாரோ மெமரி கூட்டியிருக்கிறார்கள்.