பிரிண்ட் எங்கே போகிறது

மார்ச் 3
நம் சி++ செயலிக்குள்ளேயே பைத்தான் ஸ்கிரிப்டை ஓட்டி, அது பிரிண்ட் செய்வதைக் கீழே ஒரு பெட்டியில் காட்ட வேண்டும். ஸ்கிரிப்ட் ஓடுகிறது. பிழை எதுவும் இல்லை. பெட்டி மட்டும் காலி.

மார்ச் 4
விஷயம் பிடிபட்டது. விண்டோஸில் கன்சோல் (எழுத்து மட்டும் காட்டும் கறுப்பு ஜன்னல்) இல்லாத செயலிக்குள் பைத்தானைக் கிளப்பினால், பிரிண்ட் எழுதும் இடமான சிஸ்.எஸ்டிடிஅவுட்டில் 'நன்' (ஒன்றுமில்லை என்ற மதிப்பு) மட்டும்தான் இருக்கும். பிரிண்ட் அதைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடுகிறது. பயன்படுத்துபவர் தன் ஸ்கிரிப்ட்தான் தப்பு என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்வார். அதுதான் மனசை அரிக்கிறது.

மார்ச் 5
ரைட், ஃபிளஷ் என்று இரண்டே மெத்தட் உள்ள ஆப்ஜெக்ட் போதும்; எஸ்டிடிஅவுட், எஸ்டிடிஎர் (பிழைச் செய்தி எழுதும் இடம்) இரண்டிலும் அதையே வைத்தாயிற்று. எழுத்தைப் பெட்டிக்கு அனுப்பும் சி++ பக்கத்து மாட்யூலை, பைத்தானைக் கிளப்பும் பை_இனிஷியலைஸுக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். ஒரு பிரிண்டுக்கு ரைட் இரண்டு தடவை வருகிறது: முதலில் 'வணக்கம்', அப்புறம் வெறும் வரிமுடிவு. வந்ததை வந்தபடி ஒட்டினால்தான் பெட்டியில் சரியாக விழுகிறது.

மார்ச் 6
வந்துவிட்டது!

மார்ச் 9
தூக்கம் வரவில்லை. ஸ்கிரிப்டில் யாராவது அதை நிறுத்தும் சிஸ்.எக்ஸிட் எழுதினால் மொத்தச் செயலியும் மூடிக்கொள்கிறது. ஸ்கிரிப்டை ஓட்ட நாம் அழைக்கும் பைரன்_சிம்பிள்ஸ்ட்ரிங், வந்த பிழையை எழுதிக் காட்டும் பைஎர்_பிரிண்ட்டிடம் கொடுக்கிறது. வந்த பிழை சிஸ்டம்எக்ஸிட் (சிஸ்.எக்ஸிட் எழுப்புவது) என்றால் அது எழுதிக் காட்டுவதில்லை, ப்ராசஸையே முடித்துவிடுகிறது. சேமிக்காத வேலை எல்லாம் போச்சு. யாரோ ஒருவருடைய ஒரு நாள் உழைப்பு அது. காலையில் முதல் வேலை: பைரன்_ஸ்ட்ரிங்குக்கு மாறி, சிஸ்டம்எக்ஸிட்டை நாமே பிடிப்பது.

மார்ச் 10
பிடித்தாயிற்று. மூடவில்லை.

மார்ச் 12
மறுபடி காலிப் பெட்டி, இந்த முறை லினக்ஸில். ஸ்கிரிப்ட் அழைக்கும், சி-யில் எழுதிய நூலகம் பிரிண்ட்எஃப் (சி-யின் சொந்த பிரிண்ட்) போடுகிறது. அது பைத்தான் பக்கமே வராமல் நேரே டிஸ்க்ரிப்டர் 1-க்கு (இயக்கமுறைமை தரும் வெளியீட்டு வாசல்) போகிறது. நம் ஆப்ஜெக்டுக்குத் தெரியவே தெரியாது. டூப்2 அழைப்பு போட்டு அந்த வாசலைப் பைப்பில் (ஒரு முனையில் எழுதி மறுமுனையில் படிக்கும் குழாய்) திருப்பினேன். சின்ன ஸ்கிரிப்ட் எல்லாம் அழகாக வந்தது. பெரியது உறைந்து நின்றது. பைப் கொள்வது 64 கிலோபைட். நிரம்பியதும் எழுதும் த்ரெட் (இணையாக ஓடும் ஒரு வேலை) நிற்கிறது, கையில் ஜில் பூட்டோடு (ஒரு சமயத்தில் ஒரு த்ரெட் மட்டும் பைத்தானை ஓட்ட விடும் பூட்டு). படிக்கும் த்ரெட் அதே பூட்டுக்காக வாசலில் காத்திருக்கிறது. ஆக, படிக்கும் த்ரெட் பைத்தானைத் தொடவே கூடாது. பைட்டுகளை வரிசையில் போட்டுவிட்டு அடுத்ததைப் படிக்கப் போக வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 13
ரிலீஸ் திங்கட்கிழமை. பெரிய ஸ்கிரிப்ட் இப்போது முழுசாக ஓடுகிறது. ஆனால் பிரிண்ட்எஃப் வரிகள் பைத்தான் வரிகளுக்குப் பின்னால் மொத்தமாக வந்து விழுகின்றன. காரணம், எழுதியதைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும் சி பக்கத்து பஃபர்தான். ஸ்கிரிப்ட் முடிந்ததும் எஃப்ஃபிளஷ் (பஃபரில் இருப்பதை அனுப்பிவிடுவது) செய்தால் கடைசி வரி தொலையாது. நடு வரிகளின் வரிசைக்கு என்ன செய்வது? பஃபரின் போக்கை மாற்றும் செட்விபஃப் வைத்துப் பார்க்கிறேன்