செல்போன் இல்லாத ஒரு மணி நேரம்

மதுரையில மனசு ஒரே இடத்துல நிக்கணும்னா மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போங்க. பக்திக்காகச் சொல்லல. 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போனுக்குத் தடை, அதுக்காகச் சொல்றேன்.

கவுண்டர்ல கொடுத்துட்டு டோக்கன் வாங்கினதும் கொஞ்ச நேரத்துக்குக் கை சும்மா இருக்காது. "என்னடா, சட்டைப் பையையே தடவிக்கிட்டு இருக்க?"ன்னு அம்மா சிரிச்சாங்க. பொற்றாமரைக் குளத்துப் படியில உக்காந்த பிறகுதான் அடங்குச்சு. தெற்குக் கோபுரம் தண்ணியில நெளியுது. பக்கத்துல ஒரு பாட்டி தன் தலையில இருந்த மல்லியில பாதியைக் கிள்ளி, பேத்தி சடையில சொருகுறாங்க. அது "எனக்குப் பெருசு வேணும்"னு சிணுங்குது. படம் எடுக்க வழியில்லையா, பார்த்துக்கிட்டே இருந்தேன். நல்லா இருந்துச்சு.

2010ல வெளியான ஒரு ஹார்வர்டு ஆய்வு: 2,250 பேர்கிட்ட அப்பப்ப "இப்ப என்ன செய்றீங்க, மனசு எங்க இருக்கு, எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டிருக்காங்க. ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனசு வேற எங்கயோ! அப்படி அலையறப்ப சந்தோஷமும் கம்மி. இனிமையான நினைப்புல மிதந்தாக்கூட, கையில இருக்கிற வேலையில இருக்கிறதைவிடக் கூடுதல் சந்தோஷம் கிடைக்கலயாம்.

கேள்வி அனுப்பினது எதுல தெரியுமா? ஐபோன்லதான்!