ஏ/எல் சாய்கோடும் காணாமல் போன சரிபார்ப்பும்

பினாங்குத் தண்ணீர்மலை தைப்பூசத்துக்கு எங்கள் தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்ய வருகிறவர்களுக்கான இணையப் பதிவுப் படிவம் ஒருவழியாக ஒழுங்காக ஓடுகிறது. போன முறை ஒரு எண் பிசகினாலும் பக்கம் முழுவதும் மறுபடி ஏறி, தட்டியதெல்லாம் அழிந்துவிடும். பலர் அதோடு விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் பெயர் கொடுத்தார்கள். இந்த முறை உலாவியின் வழக்கமான சப்மிட்டை நிறுத்தி, பக்கத்தை மறுபடி ஏற்றாமலே தகவலை அனுப்பும் ஃபெட்ச் வழியாக அனுப்பி, பிழையை அந்தந்தக் கட்டத்தின் கீழேயே காட்டுகிறேன். அது அரை நாள் வேலை.

மூன்று இரவு உட்கார வைத்தது பெயர்க் கட்டம்தான்.

நம்மவர் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) வரும். அந்தச் சாய்கோட்டைக் கண்டதும் 'பெயர் தவறு' என்று திருப்பி அனுப்பும் படிவங்களை எத்தனை பார்த்திருக்கிறேன்! அப்பா பெயரையே தவறு என்று சொல்வதுபோல் இருக்கும். என் படிவத்தில் அது நடக்கவே கூடாது. அதனால் கட்டத்தில் எதெல்லாம் வரலாம் என்று உலாவிக்குச் சொல்லும் பேட்டர்னில் எழுத்து, இடைவெளி, புள்ளி, சாய்கோடு எல்லாவற்றையும் சதுர அடைப்புக்குள் போட்டேன். தமிழில் தட்டுகிறவர்களுக்காக யுனிகோடின் குறி வகையையும் சேர்த்தேன். 'முருகன்' என்றால் அதன் கணக்கில் நான்கு எழுத்து, மூன்று குறி. எழுத்தை மட்டும் விட்டால் இரண்டு உகரக் குறியும் 'ன்' மேலுள்ள புள்ளியும் வாசலிலேயே நின்றுவிடும்.

சோதித்தால், லேப்டாப்பில் '12345' கூடப் பெயராக உள்ளே போகிறது. சோதனைக்கென்றே கொம்தார் கடைவளாகத்தில் 120 ரிங்கிட்டுக்கு வாங்கிய பழைய ஆண்ட்ராய்டோ அதே பக்கத்தில் சரியாகத் தடுக்கிறது. புது உலாவி விடுகிறது, பழையது பிடிக்கிறது! கேஷைத் துடைத்தேன், கட்டத்தையே புதிதாக எழுதினேன், ஒன்றும் மாறவில்லை. கடைசியில், உலாவி பிழைகளை எழுதிவைக்கும் கன்சோலைத் திறந்தபோதுதான் சிவப்பில் ஒரு வரி: பேட்டர்ன் செல்லாது.

விஷயம் இதுதான். பேட்டர்ன் எழுதப்படுவது ரெஜெக்ஸ் என்ற குறிமொழியில். முன்பு அதை யூ (u) முறையில் படித்த உலாவிகள், 2023 வாக்கில் இன்னும் கறாரான வி (v) முறைக்கு மாறத் தொடங்கின. வி முறையில் சதுர அடைப்புக்குள் சாய்கோடோ இணைப்புக்கோடோ வெறுமனே நிற்க முடியாது, முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) வேண்டும். இல்லாவிட்டால் உலாவி அந்தப் பேட்டர்னையே ஒதுக்கிவிடும். திரையில் ஒரு எச்சரிக்கையும் வராது, கட்டம் எதையும் ஏற்கும். ஒரே ஒரு பின்சாய்கோடு சேர்த்தேன், இரண்டிலும் சரியாகிவிட்டது. அந்த நிமிடம் கிடைத்த நிம்மதி இருக்கிறதே!

சரி, அப்புறம் கைப்பேசி எண். 011-இல் தொடங்கினால் 11 இலக்கம், மற்றவை 10. தட்டி நிறுத்தி 400 மில்லிவினாடி கழித்து, அந்த எண் ஏற்கெனவே பதிவானதா என்று சர்வரைக் கேட்கிறேன். தாமதமாக வரும் பழைய பதில் புதியதன்மேல் விழாமல் இருக்க, முந்தைய கேள்வியை ரத்து செய்யும் அபார்ட்கன்ட்ரோலர். பிழை தீர்ந்ததும், கட்டத்துக்கு நம் பிழைச் செய்தியை வைக்கும் செட்கஸ்டம்வேலிடிட்டிக்கு வெற்றுச் சரம் கொடுக்க மறந்தால் படிவம் நகராது, கவனம்.

அடுத்து ஷிப்ட் பட்டியலையும் இதே முறையில் செய்ய ஆசை. ஆனால் சர்வர் பக்கச் சரிபார்ப்பே இன்னும் பாதியில் நிற்கிறது. அங்கே பிஎச்பி மொழியில், ரெஜெக்ஸ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் எல்லைக்குறியாகச் சாய்கோட்டையே வைத்து எழுதியிருந்தேன். பெயருக்கான சாய்கோடு அதோடு மோதும். இன்று ராத்திரி அந்த எல்லைக்குறியை ஹாஷாக (#) மாற்ற வேண்டும்.